சாம்பலில் செய்த கல்

மார்ச் 4

மருமகளுக்கு,

உன் புருஷன் கப்பலுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. லெட்டர் எழுதிக்கோங்க. எழுதும்போது யாரும் கத்த முடியாது" என்றான். பெற்ற பாவத்துக்கு எழுதுகிறேன். எழுத்திலும் கத்தலாம் என்பது பாவம், அவனுக்குத் தெரியவில்லை.

தவிட்டு லாரி வந்தது. மீனுக்குத் தவிடும், அதன் மேல் நீ கட்டி அனுப்பிய எட்டு வலைப்பைகளும் இறங்கின. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, அழுக்கு வெள்ளை உருண்டைகள். தொட்டி கழுவுகிறவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "என்னம்மா இது?" என்றார். "ரைஸ்மில் சாம்பல்யா. என் மருமக அதைக் கல்லாக்கி அனுப்பியிருக்கா. இதைக் கண்டதும் மீனெல்லாம் பொழைச்சுக்குமாம்" என்றேன்.

கால்வாயில் வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் விடுகிறார்கள். அதுவும் முழங்கால் அளவு. தொட்டித் தண்ணீரை மாற்ற வழியில்லை. மீன் விடும் கழிவு மீனைச் சுற்றியேதான் நிற்கிறது. நீ அன்றைக்குத் தீவனக்காரர் முன்னால், வேலையாட்கள் முன்னால், "அத்தை, இது தண்ணி இல்ல, மீன் மூத்திரம்" என்றாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. பதிலுக்கு நான் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. நீ சொன்னது சரி என்பதுதான் கூடுதலாக எரிகிறது.

என் மகன் கெஞ்சியதற்காக உன் கல்லைச் சின்னத் தொட்டியில் மட்டும் போடுகிறேன். அதில் இருப்பவை அடுத்த வருஷம் சினைக்கு வரப்போகிற இளசுகள். பெரிய தொட்டிப் பக்கம் உன் பை போகாது. அங்கே என் தாய் மீன்கள் இருக்கின்றன. அவை போனால் குஞ்சு இல்லை, குஞ்சு இல்லையென்றால் பண்ணை இல்லை. அவற்றில் ஒருத்தியான ஒற்றைக்கண்ணியை என் விரல் நீளம் இருந்தபோது தொட்டியில் விட்டேன். இப்போது அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவளை வைத்து யாரும் பரீட்சை பார்க்க நான் விடமாட்டேன்.

எப்படித் தொங்கவிட வேண்டும் என்று எழுது. சுருக்கமாக எழுது.

உன் அத்தை


மார்ச் 9

அத்தைக்கு,

சுருக்கமாக எழுதச் சொன்னீர்கள். எனக்கு அது வராது, உங்களுக்கே தெரியும்.

"நீ சாம்பல் அள்ளத்தான் லாயக்கு" என்றீர்கள் அன்றைக்கு. வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. மில் கொதிகலனுக்குப் பின்னால் எனக்கு ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருக்கிறார்கள். உமியை எரித்து நீராவி எடுக்கிறார்கள், சாம்பலைக் கொண்டுவந்து என் வாசலில் கொட்டுகிறார்கள். காற்றடித்தால் பக்கத்துத் தெருவில் காயும் துணியெல்லாம் கறுத்துப்போகிறது. அந்தத் தெருப் பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வைக்கு நீங்கள் எவ்வளவோ தேவலை.

அந்தச் சாம்பலில் பெரும்பங்கு மணலில் இருக்கிற அதே சிலிக்கா. காஸ்டிக் சோடாக் காரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் கரைந்துவிடும். வடிகட்டி, அலுமினியக் கரைசலைச் சேர்த்தால் தயிர் மாதிரி உறையும். உறைந்ததை மூடி, சூடு ஆறாமல் வைத்திருந்தால் அடியில் வெள்ளைப் பொடியாகத் தங்கும். அதுதான் ஜியோலைட். கொஞ்சம் களிமண் சேர்த்து உருட்டிச் சுட்டால் உங்கள் தொட்டி கழுவுகிறவர் கடித்துப் பார்த்த கல். (அவர் பல் நலமா?)

ஒவ்வொரு கல்லும் வாடகை வீடு மாதிரி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள் ஏராளம். இப்போது அந்த அறைகளில் சோடியம் குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா கதவைத் தட்டினால் சோடியம் காலி செய்துவிட்டுப் போகும், அமோனியா உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரில் விஷம் குறையும். அவ்வளவுதான் வித்தை.

எனக்குப் பயமெல்லாம் கழுவுவதில்தான். காரம் மிச்சமிருந்தால் மீனின் செவுள் வெந்துபோகும். அதனால் கை உரியும்வரை கழுவுகிறேன்.

பைகளைக் காற்றுக்குழாய் குமிழிவிடும் இடத்தில் தொங்கவிடுங்கள். சோதித்துப் பார்க்கச் சொட்டு மருந்து புட்டி ஒன்று இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் விட்டால் மஞ்சளாக நின்றால் நல்லது, பச்சையானால் அமோனியா. தொட்டியில் சுண்ணாம்பு மட்டும் போடாதீர்கள், அதுவும் காரம்தான்.

ஒற்றைக்கண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவளாவது என் மேல் கோபமில்லாமல் இருப்பாள்.

மருமகள்


மார்ச் 20

மருமகளுக்கு,

உன்னைப் புகழ எனக்கு மனசில்லை. ஆனால் பொய் எழுதவும் கை வரவில்லை.

பை தொங்கவிட்ட அன்று சொட்டு மருந்து கிளிப்பச்சையாக இருந்தது. நாலைந்து நாளில் வெளுத்தது. இப்போது எலுமிச்சை மஞ்சள். தண்ணீரின் மேல் வாயைப் பிளந்து நின்றவையெல்லாம் அடியில் இறங்கிவிட்டன. தவிடு போட்டால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வருகின்றன. தீவனக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மருமக சாம்பல் வேலை செய்யுது போல" என்றார். "சாம்பல் வேலை செய்யாது, என் மருமக வேலை செய்வா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. நீ பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

முட்டி மோதியதில் சிலதுக்குச் செதில் பெயர்ந்து புண்ணாகியிருக்கிறது. அதற்கு நம் வழக்கமான வைத்தியம் உண்டு, பார்த்துக்கொள்கிறேன்.

பெரிய தொட்டித் தண்ணீரில் சொட்டு விட்டால் பச்சை ஏறிக்கொண்டு வருகிறது. அடுத்த லாரியில் அதற்கும் பை அனுப்பு. நான் கேட்டதாக உன் புருஷனுக்கு எழுதாதே.

அத்தை


மார்ச் 23

சின்னத் தொட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. காலையில் கதவைத் திறந்தேன், வெள்ளை வயிறுகள்தான் தெரிந்தன. ஒரு வருஷம் வளர்த்த பிள்ளைகள். கூடையில் அள்ளி அள்ளிக் குழியில் போட்டோம். தொட்டி கழுவுகிறவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

சொட்டு விட்டுப் பார்த்தேன். அவ்வளவு கரும்பச்சையை நான் பார்த்ததே இல்லை. விஷத்தைக் குடிக்கும் என்றாய். குடித்துக் காட்டி, நம்பவைத்து, கழுத்தை அறுத்துவிட்டது உன் கல்.

பெரிய தொட்டிக்கு ஒன்றும் அனுப்பாதே. போன் செய்யாதே. இந்தப் பக்கம் காலடி வைக்காதே.


மார்ச் 26

அத்தைக்கு,

கடிதத்தைத் தவிட்டு லாரி டிரைவர் கொடுத்தபோது ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல் படித்தேன். அதில் இரண்டு இடத்தில் எழுத்து கரைந்துவிட்டது. திரும்பப் படிக்கத் தேவையில்லை, மனப்பாடமாகிவிட்டது.

போன் செய்தேன். நீங்கள் துண்டித்தீர்கள். மறுபடி செய்தேன், தொட்டி கழுவுகிறவர் எடுத்து, "வேணாம்மா, அம்மா என்னைத்தான் திட்டுவாங்க" என்று வைத்துவிட்டார்.

நான் நினைப்பதை எழுதிவிடுகிறேன். உங்களுக்கு அனுப்பிய பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கொதிகலனைப் பழுது பார்க்க நிறுத்தினார்கள், வெந்நீர் நின்றுபோனது. கடைசிக் கழுவலைக் குளிர்ந்த தண்ணீரில் முடித்தேன். சோதித்துத்தான் அனுப்பினேன். ஆனால் உருண்டையின் உள்ளே காரம் ஒளிந்திருந்து மெல்ல மெல்லக் கசிந்திருந்தால்? காரம் ஏறினால் தண்ணீரில் மிச்சமிருக்கும் கொஞ்சம் அமோனியாவும் கொடிய விஷமாக மாறும். அப்படியென்றால் அத்தனையையும் கொன்றது நான்தான், கல் இல்லை. அப்படித் தெரிந்தால் இந்தக் கொட்டகையைப் பூட்டிவிடுவேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என் மேல் இருக்கிற கோபத்தோடேயே செய்யுங்கள். ஒரு பையையும், அந்தத் தொட்டித் தண்ணீர் ஒரு புட்டியும் டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். தொட்டியில் சுண்ணாம்போ வேறு மருந்தோ போட்டீர்களா என்றும் எழுதுங்கள்.

என்னைத் திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள். பதிலே வராமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

மருமகள்


ஏப்ரல் 1, செவ்வாய்

மருமகளுக்கு,

பையும் புட்டியும் வருகின்றன. சுண்ணாம்பு போடவில்லை, நீ வேண்டாம் என்றாய். மருந்தும் இல்லை. புண்ணுக்கு எப்போதும் போல் உப்புத்தான், இரண்டு வாளி. உப்புப் போடாத மீன்காரி உலகத்தில் உண்டா? என் மாமனார் காலத்திலிருந்து மீன் சோர்ந்தால் உப்பு, புண் வந்தால் உப்பு, இடம் மாற்றினால் உப்பு. இன்றுவரை ஒரு மீன் உப்பால் செத்ததில்லை.

பெரிய தொட்டியும் இப்போது கரும்பச்சைக்கு வந்துவிட்டது. தாய் மீன்கள் மேலே மிதந்து மூச்சு வாங்குகின்றன. ஒற்றைக்கண்ணி மூலையில் ஒதுங்கி நிற்கிறாள். கையை நீட்டினால் வருவாள், இப்போது வரவில்லை. கால்வாயில் கரை உடைந்து, தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் புருஷன் ஏதோ துறைமுகத்திலிருந்து போன் செய்தான். "அம்மா, அவ கல்லை இன்னொரு தடவை நம்பும்மா" என்று கெஞ்சினான். நம்பிக்கை எல்லாம் இல்லை. வேறு வழி இல்லை, அதுதான் உண்மை.

நீ எழுதியதை நானும் உட்கார்ந்து யோசித்தேன். உள்ளே ஒளிந்திருந்த காரம்தான் கொன்றது என்றால், அது இந்நேரம் கரைந்து வெளியேறியிருக்கும். ஆகவே புதுப் பையைவிட அந்தப் பழைய பைதான் பத்திரம். உனக்கு ஒன்று அனுப்பியது போக மீதி ஏழையும் அலசி வெயிலில் காயவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் பெரிய தொட்டியில் தொங்கவிடப் போகிறேன். போன தடவை உப்பைப் பிந்திப் போட்டேன், அதற்குள் மீன்கள் தெம்பு இழந்துவிட்டன போலிருக்கிறது. இந்தத் தடவை பை இறங்கியதுமே உப்பு. பெரிய தொட்டி என்பதால் ஒரு மூட்டை முழுசாக.

உன் கல்லுக்குப் பாதி, என் உப்புக்குப் பாதி என்று விட்டுவிடுகிறேன். பிழைத்தால் பேசுவோம்.

அத்தை


ஏப்ரல் 3, வியாழன்

அத்தை,

உப்புப் போடாதீர்கள். முதலில் இதைச் செய்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்: பைகள் தண்ணீருக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். கையில் உப்பு இருந்தால் கீழே வையுங்கள்.

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. டிரைவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. பாதித் தவிட்டோடு திருப்பி அனுப்புகிறேன். "வழியில எங்கேயும் நிக்காதீங்க அண்ணே, லெட்டரை அத்தை கையில கொடுத்து, படிக்கிறவரை நகராதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். நானே ஏறி வந்திருப்பேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தால் நீங்கள் கதவைத் திறக்கமாட்டீர்கள். கடிதத்தையாவது திறப்பீர்கள்.

காரம் இல்லை. நீங்கள் அனுப்பிய தண்ணீரையும் பையையும் சோதித்தேன். நான் கழுவியது சரியாகத்தான் இருந்தது. என் போன கடிதம் உங்களைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டது. பழைய பை பத்திரம் இல்லை அத்தை. சின்னத் தொட்டியில் இத்தனை நாள் குடித்த விஷத்தில் இன்னும் எவ்வளவோ அதற்குள்தான் இருக்கிறது. அலசினாலும் காயவைத்தாலும் போகாது.

வாடகை வீடு என்று எழுதினேனே. அமோனியா உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உப்பு என்றால் என்ன? சோடியம். முன்னால் குடியிருந்த அதே ஆள். ஒன்றிரண்டு பேராக இருந்தவரை எழுந்து இடம் கொடுத்தார்கள். நீங்கள் இரண்டு வாளி கொட்டியதும் ஊரே திரண்டு வந்து பழைய வீட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த அமோனியாவெல்லாம் ஒரேயடியாகத் தெருவுக்கு, அதாவது தொட்டிக்கு வந்துவிட்டது. கல் கொல்லவில்லை, உப்பும் கொல்லவில்லை. இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்ததுதான் கொன்றது.

என்னை நம்ப வேண்டாம். ஒரு வாளி நல்ல தண்ணீரில் அந்தக் கல்லில் ஒரு பிடி போட்டு வையுங்கள். சொட்டு விட்டால் மஞ்சளாகத்தான் நிற்கும், பெரிதாக மாறாது. பிறகு ஒரு கை உப்புப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

இது எனக்குப் புதுச் செய்தி இல்லை, அதுதான் கொடுமை. தீர்ந்துபோன கல்லை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் மறுபடி உயிர் கொடுப்போம், இங்கே தினமும் அதைத்தான் செய்கிறேன். உங்களுக்குச் சுண்ணாம்பு போடாதீர்கள் என்று எழுதிய கை, உப்பு என்று எழுதவில்லை. உங்கள் பண்ணையில் மருந்து அலமாரியைப் பார்த்திருக்கிறேன். அதில் உப்பு இல்லை, அதனால் என் மண்டையில் ஏறவில்லை. அது தொட்டி ஓரம் மூட்டையாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மூட்டை மேல் உட்கார்ந்துதான் காபி குடித்தேன், அத்தை. உங்களோடு சண்டை போட்டதும் அதன் மேல் உட்கார்ந்துதான். ஒரு நாள்கூட இது எதற்கு என்று கேட்கவில்லை. பாதித் தப்பு என்னுடையது.

இப்போது செய்ய வேண்டியது இது. தொட்டியிலிருந்து தள்ளி ஒரு அண்டா வையுங்கள். நீங்கள் எடுத்து வைத்திருக்கிற அந்த மூட்டை உப்பை அதில் கரையுங்கள். பழைய பைகளை அதில் ஊறப்போடுங்கள், விஷம் அங்கே இறங்கட்டும். அந்தத் தண்ணீரை வடிகாலில் விட்டுவிட்டு, புது உப்புத் தண்ணீரில் இன்னொரு தடவை. பிறகு உப்புக் கரிப்பு போகும்வரை அலசி, அப்புறம் தொங்கவிடுங்கள். இந்த லாரியில் புதுப் பைகளும் வருகின்றன. அவற்றை உடனே இறக்கலாம். பெரிய தொட்டியில் பை இருக்கிறவரை உப்பு ஒரு பிடிகூட வேண்டாம்.

ஒற்றைக்கண்ணிக்காகவாவது ஒரு தடவை நான் சொல்வதைக் கேளுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 6

மருமகளுக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் லாரி தெரு முனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தேன். ஏழு பையும் தண்ணீருக்குள் இருந்தன. மூட்டையைப் பிரித்து முதல் வாளியைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்திருந்தேன். டிரைவர் ஓடிவந்து, "அம்மா, மொதல்ல இதைப் படிங்க" என்றார். "இருய்யா, இதைக் கொட்டிட்டு வரேன்" என்றேன். அந்த மனுஷன் என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் என் எதிரில் நின்று பேசாதவர்.

படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தன் தப்பை மறைக்க மருமகள் என் உப்பின் மேல் பழி போடுகிறாள் என்றுதான் தோன்றியது. உன்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டும் என்றே வாளியில் கல்லைப் போட்டேன். மஞ்சள். எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "பாருங்க இப்போ" என்று ஒரு கை உப்புப் போட்டுக் கலக்கினேன்.

குவளையில் பச்சை ஏறியது. சின்னத் தொட்டியில் அன்று காலை பார்த்த அதே கரும்பச்சை. அப்படியே பக்கத்தில் இருந்ததன் மேல் உட்கார்ந்தேன். உப்பு மூட்டை.

பைகளை எடுத்துவிட்டோம். புதுப் பைகளை இறக்கினோம். அண்டா, வடிகால், அலசல் எல்லாம் நீ சொன்னபடி. வாளியை விட்டு நான் நகரவே இல்லை, கரிக்கிறதா என்று நாக்கில் வைத்து வைத்துப் பார்த்து நாக்கு மரத்துவிட்டது. அன்றைக்கே மூன்று தாய் மீன்கள் போய்விட்டன, அவை பை இறங்கும் முன்பே சாயத் தொடங்கியவை. நேற்று சொட்டு வெளுத்தது. இன்று காலை மஞ்சள். ஒற்றைக்கண்ணி மூலையை விட்டு வந்து என் கையிலிருந்து தவிடு தின்றாள். சின்னத் தொட்டிக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. தொட்டி கழுவுகிறவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். நான் போட்ட உப்புக்கு என் பிள்ளைகள் தண்ணீர் குடித்தன. சின்னத் தொட்டியைக் கொன்றது நான். பாதி உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாதியை நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. உன்னை இந்தப் பக்கம் வராதே என்று எழுதியதும் நான்தான், உன் போனை எடுக்கக் கூடாது என்று எல்லோரையும் மிரட்டியதும் நான்தான். நீ கத்தியிருந்தாலும் அன்றைக்கே போனை எடுத்திருந்தால் வாளி விளிம்புவரை போயிருக்காது. டிரைவர் வழியில் ஒரு டீ குடித்திருந்தால் ஒற்றைக்கண்ணி இல்லை.

இனி நீ போன் செய்தால் எடுப்பேன். நீயும் கத்து, நானும் கத்துகிறேன். உன் புருஷனுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

கொட்டகையைப் பூட்டாதே. அடுத்த நடையில் டிரைவர் பக்கத்தில் இடம் காலியாக இருக்குமாம், கேட்டு வைத்திருக்கிறேன். உப்பு மூட்டைகளையெல்லாம் தொட்டிப் பக்கத்திலிருந்து தூக்கிக் கிடங்கில் போட்டுப் பூட்டச் சொன்னேன். ஒன்றை மட்டும் வெளியே, ஜன்னலுக்குக் கீழே விட்டு வைத்திருக்கிறேன். நீ வந்தால் காபி குடிக்க எங்கே உட்காருவாய்?

அத்தை